இரண்டு தராசுகள் ஒத்துப்போகாதபோது

ஒரே பொருளை இரண்டு தராசுகளில் நிறுத்துப் பார்க்கிறோம். ஒன்று 2 கிலோ காட்டுகிறது. மற்றது 3 கிலோ காட்டுகிறது. என்ன செய்யலாம்? இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, இரண்டரைக் கிலோ என்று எழுதிவிட்டுப் போய்விடலாமா? அவசரத்தில் இருக்கும் கடைக்காரர் அப்படிச் செய்யக்கூடும். அறிவியல் படிக்கும் நீங்கள் செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் இந்தச் சிக்கல் எழுகிறது. அங்கே தராசில் ஏறுவது மாணவர்கள். பெயர்பெற்ற கல்லூரியில் இடம் கேட்கும் மாணவரைப் பற்றி இரண்டு எண்கள் உண்டு. 9ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை பள்ளியில் ஒவ்வொரு பாடத்திலும் வாங்கிய கிரேடுகளின் சராசரி ஓர் எண். ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2 என்று கணக்கு. எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் 4.0. இதை ஜி.பி.ஏ. என்பார்கள். மற்றொன்று எஸ்.ஏ.டி. என்னும் பொதுத்தேர்வின் புள்ளி. இரண்டே கால் மணி நேரத் தேர்வு அது; 400 முதல் 1600 வரை புள்ளிகள்.

பெரும்பாலோருக்கு இந்த இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒரே கதையைச் சொல்லும். சிலருக்குச் சொல்லாது. ஒருவருடைய ஜி.பி.ஏ. 2.5, எஸ்.ஏ.டி. 1500 என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் பி-க்கும் சி-க்கும் நடுவே தள்ளாடுகிறவர், பொதுத்தேர்வில் நூற்றுக்கு இரண்டு பேர் மட்டுமே எட்டும் இடத்தில் போய் நிற்கிறார்!

இப்படிப்பட்டவரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். 'சுத்தச் சோம்பேறி, மூளை இருந்தும் பயனில்லை' என்பது ஒன்று. 'பள்ளிக்கூடத்தால் அடையாளம் காணமுடியாத மேதை' என்பது மற்றொன்று. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள் என்பது என் கருத்து. இரண்டு அளவுகள் முரண்படும்போது அந்த முரண்பாடே ஒரு செய்தி. அதை விசாரிக்காமல் ஒரு பக்கம் சாய்வதும் தவறு. கூட்டிச் சராசரி எடுத்து முரண்பாட்டை மூடி மறைப்பதும் தவறு.

அறிவியல் வரலாற்றிலேயே இதற்கு அழகான சான்று உண்டு. 1890களின் தொடக்கத்தில் ராலே பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலார் நைட்ரஜன் வாயுவின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கிப் பெற்ற நைட்ரஜன் ஓர் எடை காட்டியது. அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜன் சற்றுக் குறைந்த எடை காட்டியது. வேறுபாடு மிகச் சிறியது. நன்றாகத் தூய்மை செய்து பார்த்தபோதுகூட ஏறத்தாழ 200-ல் 1 பங்குதான். வேறொருவராக இருந்தால் 'கருவிப் பிழை' என்று சராசரி எடுத்திருப்பார். ராலே என்ன செய்தார் தெரியுமா? வேறுபாட்டைக் குறைக்கப் பார்க்காமல், அதைப் பெரிதாக்கிப் பார்க்க வழி தேடினார்! ராம்சே என்ற வேதியியலாரும் சேர்ந்துகொண்டார். காற்றிலிருந்து எடுத்த 'நைட்ரஜனில்' அதுவரை யாரும் அறியாத இன்னொரு வாயு ஒளிந்திருந்தது. அதுதான் ஆர்கான். 1894-ல் அறிவித்தார்கள், 1904-ல் இருவருக்கும் நோபல் பரிசு, ஒருவருக்கு இயற்பியலில், மற்றவருக்கு வேதியியலில்.

சரி, நம் மாணவரிடம் ஒளிந்திருக்கும் ஆர்கான் எது?

அதைக் காண அமெரிக்கக் கிரேடு எப்படி உருவாகிறது என்று பார்க்கவேண்டும். நம் ஊரில் மதிப்பெண் என்றதும் ஆண்டு இறுதியில் எழுதும் பரீட்சைதான் நினைவுக்கு வரும். அங்கே அப்படியில்லை. வீட்டுப்பாடம், ஆய்வக அறிக்கை, வாராந்தரச் சிறு தேர்வு, வகுப்பில் பங்கெடுப்பது என்று எல்லாம் சேரும். ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஓர் ஆசிரியர் தேர்வுகளுக்கு 60 பங்கும் வீட்டுப்பாடத்துக்கு 40 பங்கும் ஒதுக்குகிறார். நம் மாணவர் தேர்வுகளில் 95 வாங்குகிறார். வீட்டுப்பாடத்தில் பாதியைத்தான் கொடுக்கிறார். கொடுத்தவற்றில் 90 வாங்குகிறார். கொடுக்காதவற்றுக்குப் பூஜ்யம். ஆகவே வீட்டுப்பாடச் சராசரி 45. இப்போது 95-ல் 60 சதவீதம் 57, 45-ல் 40 சதவீதம் 18, மொத்தம் 75. வழக்கமான அமெரிக்க அளவுப்படி இது சி. ஜி.பி.ஏ. கணக்கில் 2. வகுப்பில் மற்றவர்களைவிடப் பாடம் நன்றாகத் தெரிந்தவர் இவராகவே இருக்கலாம்!

பூஜ்யத்தின் வலிமையைக் கவனித்தீர்களா? ஒன்பது வீட்டுப்பாடங்களில் 90 வாங்கி, ஒன்றைக் கொடுக்காமல் விட்டாலே சராசரி 81-க்கு இறங்கிவிடும்.

ஆகவே இரண்டு தராசும் வெவ்வேறு பொருள்களை நிறுக்கின்றன. மழைமானியை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊரில் ஆண்டு முழுவதும் எத்தனை நாள், எவ்வளவு மழை பெய்தது என்பது ஒரு கணக்கு. ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு கொட்டியது என்பது இன்னொரு கணக்கு. உழவருக்கு முதல் கணக்கு வேண்டும். அணை கட்டும் பொறியாளருக்கு இரண்டாவது கணக்கு வேண்டும்; மதகு எத்தனை பெரிதாக இருக்கவேண்டும் என்று அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார். ஜி.பி.ஏ. உழவரின் கணக்கு. எஸ்.ஏ.டி. பொறியாளரின் கணக்கு. எது உண்மையான மழை என்று கேட்பதில் பொருளில்லை.

உளவியலார் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஏஞ்சலா டக்வொர்த், மார்ட்டின் செலிக்மன் என்ற இருவர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 8ஆம் வகுப்பு மாணவர்களின் ஆண்டு இறுதிக் கிரேடுகளை முன்கூட்டிச் சொல்வதில் நுண்ணறிவுச் சோதனையைவிடத் தன்னடக்கம் மிகவும் நன்றாகப் பயன்பட்டது. விளையாட்டை ஒத்திப்போட்டு வேலையை முடிக்கும் பழக்கத்தைத்தான் தன்னடக்கம் என்கிறேன்.

ஆனால் அந்தப் பழக்கம் ஒருவரிடம் இல்லாமல் போனதா, அல்லது அதற்கு இடமே இல்லாமல் போனதா? இங்கேதான் நாம் நிதானிக்கவேண்டும். மாலையில் கடையில் வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் மாணவருக்கும், மாலை முழுவதும் திரையில் விளையாடிய மாணவருக்கும் அதே பூஜ்யம்தான். நோயாளித் தாயைக் கவனித்தவருக்கும் அதே பூஜ்யம். பூஜ்யம் காரணம் சொல்லாது.

இந்தத் தேர்வு பிறந்த கதையையும் சற்றுச் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஏ.டி. முதன்முதலில் 1926-ல் நடந்தது. அதை உருவாக்கிய கார்ல் பிரிகம், மனித இனங்களை அறிவு வரிசையில் அடுக்கி 1923-ல் ஒரு நூல் எழுதியவர். 1930-ல் அந்த முடிவுகள் அடிப்படையற்றவை என்று அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். எனவே இது பிறவி அறிவை அளக்கும் கருவி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெயரிலிருந்த 'இயல்திறன்' என்ற சொல்லையே பின்னாளில் எடுத்துவிட்டார்கள். எஸ், ஏ, டி என்ற மூன்று எழுத்துகளுக்கும் இப்போது விரிவே கிடையாது! 1930களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட் (இவர் ஒரு வேதியியலார்) தொலைதூரச் சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்து கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்து அழைத்துவர விரும்பினார். அந்தப் பள்ளிகளின் மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு என்று ஹார்வர்டுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தத் தேர்வைப் பிடித்தார். மதிப்பெண்ணை உறுதிசெய்துகொள்ள வந்த தேர்வு இது. மதிப்பெண் இல்லாதவருக்கு மாற்று வழியாக வந்தது அன்று. இந்த நுட்பத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி முக்கியமான கேள்வி. கல்லூரியில் ஒருவர் எப்படிப் படிப்பார் என்பதை இந்த இரண்டில் எது சரியாகச் சொல்கிறது? ஆராய்ச்சியாளர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். போவன், சிங்கோஸ், மெக்பர்சன் ஆகிய மூவர் அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்து 2009-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பட்டம் முடிப்பாரா, நடுவில் நின்றுவிடுவாரா என்பதைப் பள்ளிக் கிரேடுதான் மிக நன்றாகச் சொல்கிறது, பொதுத்தேர்வு அவ்வளவாகச் சொல்லவில்லை என்றார்கள். ஆனால் ஹார்வர்ட் போன்ற உச்சநிலைத் தனியார் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்து 2024 ஜனவரியில் வெளியான அறிக்கை நேர் எதிராகச் சொல்கிறது. அங்கே எஸ்.ஏ.டி.-யில் 1600 வாங்கியவர்கள் 1200 வாங்கியவர்களைவிடக் கல்லூரி முதலாண்டில் 0.43 கிரேடு புள்ளி கூடுதலாகப் பெற்றார்கள். பள்ளியில் 4.0 வாங்கியவர்களுக்கும் 3.2 வாங்கியவர்களுக்கும் உள்ள வேறுபாடோ 0.1-ஐக்கூடத் தொடவில்லை.

யார் சொல்வது சரி? இரண்டு பேருமே சரியாக இருக்கமுடியும். காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானி 42 டிகிரியோடு முடிந்துவிடும். 50 டிகிரி வெந்நீரில் வைத்தாலும் 42. 80 டிகிரி வெந்நீரில் வைத்தாலும் 42. (செய்து பார்த்துவிடாதீர்கள், குழாய் வெடித்துவிடும்.) ஹார்வர்டுக்கு விண்ணப்பிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் 4.0-ஐ ஒட்டியே நிற்கிறார்கள். எல்லாரும் 42 காட்டும் இடத்தில் அந்த வெப்பமானியால் என்ன பயன்? அரசுப் பல்கலைக்கழகத்திலோ 2.5-ம் உண்டு, 3.5-ம் உண்டு, அங்கே அதே கருவி நன்றாக வேலை செய்கிறது.

இந்த உச்சவரம்பில் இடிப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள் என்பது இன்னொரு தொல்லை. அமெரிக்கப் பள்ளி இறுதி மாணவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 1990-ல் 2.68, 2019-ல் 3.11. பிள்ளைகள் அவ்வளவு முன்னேறிவிட்டார்களா? கணக்கில் அவர்களுக்கு நாடு தழுவி நடக்கும் தனித் தேர்வு அப்படிக் காட்டவில்லை. கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தில் 2020-ல் ஆசிரியர் குழு ஒன்று பொதுத்தேர்வை உடனே கைவிடவேண்டாம் என்றது, ஆட்சிக்குழு கைவிட்டது. அதன் சான்டியேகோ வளாகத்தில் 2025 நவம்பரில் வெளியான அறிக்கை, உயர்நிலைப் பள்ளிக் கணக்கே தெரியாமல் வந்து சேரும் முதலாண்டு மாணவர்கள் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ முப்பது மடங்காகப் பெருகிவிட்டதாகச் சொன்னது. அவர்களில் பலர் பள்ளியில் கணக்கில் நல்ல கிரேடு வாங்கியவர்கள்! கொரோனாக் காலத்துப் படிப்பிழப்பும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறக்கக்கூடாது.

எம்.ஐ.டி. வேறு வழியில் போயிற்று. (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.) கொரோனாவின்போது நிறுத்தி வைத்த பொதுத்தேர்வை 2022-ல் மீண்டும் கட்டாயமாக்கியது. அங்கே எந்தப் பாடம் எடுத்தாலும் நுண்கணிதமும், நுண்கணிதத்தோடு கூடிய இயற்பியலும் இரண்டிரண்டு பருவம் படித்தே ஆகவேண்டும். அதைத் தாங்குவாரா என்று பார்க்கத் தேர்வு உதவுகிறது என்பது அவர்கள் வாதம். டார்ட்மவுத், யேல், ஹார்வர்ட் ஆகியவையும் 2024-ல் அந்த வழிக்குத் திரும்பின.

ஆக, 2.5-ம் 1500-ம் வைத்திருக்கும் நம் மாணவர் கலிபோர்னியா வாசலில் நின்றால் அவருடைய 1500-ஐ யாரும் பார்க்கவே மாட்டார்கள். எம்.ஐ.டி. வாசலில் நின்றால் பார்ப்பார்கள். ஆனால் அங்கே நூறு பேர் கேட்டால் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. 1500-ம் 4.0-ம் சேர்த்து வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அதே வரிசையில் நிற்கிறார்கள். நல்ல தேர்வுப் புள்ளி கதவைத் திறந்துவிடும் என்று அவரை நம்பவைப்பது கருணை ஆகாது.

அவரிடம் மீதி என்ன இருக்கிறது? ஒன்று, கிரேடுகளின் வரிசை. நான்கு ஆண்டுகளில் 2.0, 2.5, 3.0, 3.5 என்று ஏறியவருக்கும் சராசரி 2.75, 3.5, 3.0, 2.5, 2.0 என்று இறங்கியவருக்கும் சராசரி 2.75. சராசரி ஒன்றே, ஆட்கள் ஒன்றா? சேர்க்கை அலுவலர் முழுப் பட்டியலையும் பார்க்கிறார். 12ஆம் வகுப்பின் நடுவில் ஒரு பட்டியலை மீண்டும் கேட்டு வாங்குகிறார். இரண்டாவது, விண்ணப்பத்தில் கூடுதல் விவரம் எழுத ஓர் இடம் உண்டு. '10ஆம் வகுப்பின் இரண்டாம் பாதியில் அம்மா மருத்துவமனையில் இருந்தார். தங்கையை நான் பார்த்துக்கொண்டேன்' என்று இரண்டு வரி எழுதினால் போதும். பூஜ்யம் சொல்லாத காரணம் வந்துவிட்டது. 'பாடம் எனக்கு மிகவும் எளிது, சலிப்பாக இருந்தது' என்று எழுதினாலோ, படிப்பவர் வேறு பொருள் கொள்வார். கல்லூரியிலும் வாராவாரம் கணக்குத் தாள் கொடுப்பார்கள். அதிலும் சலிப்பான கணக்குகள் உண்டு. 'அவற்றையும் இவர் கொடுக்கமாட்டார்' என்றுதான் அவர் நினைப்பார். அப்படி நினைப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கலிபோர்னியாவில் 100-க்கும் மேற்பட்ட இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் சேர ஜி.பி.ஏ. தடையில்லை. இரண்டாண்டு நன்றாகப் படித்தால், அங்கே வாங்கிய கிரேடுகளைக் கொண்டு அரசுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாமாண்டுக்கு மாறலாம். அதன் ஆறு வளாகங்கள், குறித்த கிரேடு எடுத்தால் இடம் உறுதி என்று எழுதியே தருகின்றன. பதினான்கு வயதில் கொடுக்காத வீட்டுப்பாடம் அதன்பின் அவரைத் துரத்துவதில்லை. முரண்பாட்டைப் பற்றி ஊகித்துக்கொண்டிராமல், புதிதாக ஒரு தடவை அளந்து பார்க்கும் ஏற்பாடு இது. சோதனைச்சாலையில் நாம் செய்வதும் இதுதானே?

நம் நாட்டுக்கு வருவோம். இங்கும் அதே இரண்டு வாசல்கள் எதிரெதிரே நிற்கின்றன. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2007 முதல் நுழைவுத்தேர்வு இல்லை. பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை 200-க்கு மாற்றி இடம் தருகிறார்கள். ஜே.இ.இ.-யில் நீங்கள் எவ்வளவு வாங்கினாலும் அந்த வாசலில் மதிப்பில்லை. ஐ.ஐ.டி. வாசலில் ஜே.இ.இ.தான் எல்லாம். ஆனால் ஒரு குறுக்குக் கம்பி உண்டு: பிளஸ் டூவில் 75 சதவீதம் இருக்கவேண்டும், அல்லது தம் கல்வி வாரியத்தில் முதல் 20 சதவீதத்தினருக்குள் வந்திருக்கவேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 65. நுழைவுத்தேர்வில் நல்ல தரவரிசை வாங்கியவர் இந்த இரண்டில் ஒன்றைக்கூட எட்டாவிட்டால் இடம் இல்லை.

நடுவில் சராசரி எடுத்தும் பார்த்தார்கள். 2013 முதல் 2016 வரை ஜே.இ.இ. மெயின் தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 40 பங்கும் நுழைவுத்தேர்வுக்கு 60 பங்கும் கொடுத்தார்கள். பல மாநில வாரியங்களின் மதிப்பெண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு. 2017-ல் கைவிட்டார்கள். கைவிட்டது நல்லது என்பேன். 2 கிலோவும் 3 கிலோவும் சேர்ந்த இரண்டரைக் கிலோதான் அது.

75 என்ற கம்பிக்கு ஆதரவாகவும் பேசலாம். பள்ளிப் படிப்பை அடியோடு விட்டுவிட்டுப் பயிற்சி நிலையமே கதி என்று பிள்ளைகள் போவதை அது ஓரளவு தடுக்கும். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் 74 வாங்கியவரால் ஐ.ஐ.டி. படிப்பைத் தாங்கமுடியாது, 76 வாங்கியவரால் தாங்கமுடியும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? 74 வாங்கியவரை உள்ளே விட்டால்தானே தெரியும்?

விட்டிருக்கிறார்கள்! கொரோனா காரணமாக 2020, 2021, 2022 ஆகிய மூன்றாண்டுகளிலும் இந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள். பிளஸ் டூ தேர்ச்சி பெற்றிருந்தாலே போதும் என்றார்கள். 2023-ல் கம்பி திரும்ப வந்துவிட்டது. யாரும் திட்டமிடாமலே ஒரு பெரிய சோதனை நடந்து முடிந்திருக்கிறது. 2021-ல் பெரும்பாலான வாரியங்களில் பிளஸ் டூ பரீட்சையே நடக்காததால் அந்த ஆண்டை விட்டுவிடலாம். 2020-ல் நான்காண்டுப் படிப்பில் சேர்ந்தவர்கள் 2024-ல் முடிக்கவேண்டியவர்கள். 2022-ல் சேர்ந்தவர்களுக்கு அது 2026. இவர்களில் 75-க்குக் கீழே வாங்கியவர்கள் எத்தனை பேர், அவர்கள் முதலாண்டில் என்ன மதிப்பெண் பெற்றார்கள், எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், 75-க்குச் சற்று மேலே இருந்தவர்கள் எப்படி முடித்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். விவரம் எல்லாம் ஐ.ஐ.டி.-க்களின் பதிவேடுகளிலேயே இருக்கிறது. அதை எண்ணி, பெயர்களை நீக்கிவிட்டு, எல்லாரும் பார்க்கும்படி அட்டவணையாக வைக்கட்டும். அதன்பின் 75-ஐ வைத்துக்கொள்வதா, 60-க்கு இறக்குவதா, எடுத்தே விடுவதா என்று பேசலாம்.